நாலு நீலத் தையல்

அஜீசாவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், குரோம்பேட்டையில் ரயில் ஏறி காட்டாங்குளத்தூரில் இறங்கும் வரை வருஷக்கணக்காக அவள் பக்கத்தில் நசுங்கிக்கொண்டு நின்றவள் நான், இதைவிட வேறென்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். என் பெயர் கங்கையம்மாள். அத்தை பெயர், அப்பா என்னைக் கேட்டு வைக்கவில்லை. ஊர் அஸ்தினாபுரம். எங்கள் கத்திரிக்காய்த் தோட்டம் போர்ஷன் வீடுகளாக மாறிய பிறகு, தனியார் கல்லூரி ஒன்றில் துணி ஆராய்ச்சித் துறைக்கு ஸ்டோர் பார்க்க வந்தேன். என்னைக் கேட்காமல் அங்கே ஒரு குண்டூசி வெளியே போகாது. எனக்கு வாய் நீளம் என்று துறையில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அஜீசா அங்கே லேபில் இருந்தாள். அவளுடைய அப்பா ஜலால் தாம்பரம் மார்க்கெட்டில் கட்பீஸ் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இவளைக் கல்லாப் பக்கம் உட்கார வைப்பாராம். இவள் சும்மா உட்காருகிற ஜாதியா? துணியிலிருந்து ஒரு இழையை உருவி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி, வாங்க வந்த அம்மாவின் எதிரிலேயே, "வாப்பா, இது காட்டன் இல்ல, உருகுது பாருங்க" என்பாளாம். வியாபாரம் உருப்பட்ட மாதிரிதான். ரெண்டு தடவை பொறுத்தார், மூணாவது தடவை காதைத் திருகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

லேப் உதவியாளராகச் சேர்ந்தவள், தபாலில் படித்து, பட்டம் வாங்கி, நாற்பதைத் தாண்டிய பிறகு எங்கள் சத்யநாராயணன் சாரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தாள். அவளுடைய ஆராய்ச்சி கேட்பதற்கு ரொம்ப எளிது. துணியை மண்ணில் புதைப்பாள். கொஞ்ச காலம் கழித்துத் தோண்டி எடுப்பாள். எவ்வளவு மக்கியிருக்கிறது, மிச்சம் இருப்பது எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று பார்ப்பாள். லேபுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நீளமாக ஒரு சிமென்ட் தொட்டி. அதில் தோட்ட மண்ணும் சாணி எருவும் கலந்து, காயாமல் தண்ணீர் தெளித்து வைத்திருப்பாள். நெல் நாற்றுக்குக்கூட எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் காவல் இருந்ததில்லை.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பள்ளிக்கரணையில் பிடித்தது. சதுப்பு நிலத்தை ஒட்டிய குப்பை மேட்டுக்கு மண் எடுக்கப் போனவள் ஒரு ஜாக்கெட்டை உருவிக்கொண்டு வந்தாள். எந்தக் காலத்து ஜாக்கெட்டோ. சேறு போக அலசினால் ரோஸ் நிறம் அப்படியே பளிச்சென்று இருக்கிறது, கொக்கிதான் துருப்பிடித்திருக்கிறது. "இதைப் போட்டவங்க உயிரோட இருக்காங்களோ இல்லையோ, இது இருக்கு பாரு" என்றாள். அன்றைக்கு அவள் சோறு சாப்பிடவில்லை. மண்ணுக்குள் போகிற எதுவும் மண்ணாகிவிட வேண்டும், அதுதான் மரியாதை என்பது அவளுடைய கட்சி.

ரயிலில் ஒரு நாள் என்னிடம் கேட்டாள். "கங்கா, நம்ம ஊர்ல எங்க தோண்டினாலும் பானை கிடைக்குது, மணி கிடைக்குது. நூல் நூத்த தக்களிக் குண்டுகூடக் கிடைக்குது. துணி ஏன் கிடைக்கறதில்ல?"

"எவனாவது திருடிகினு போயிருப்பான்" என்றேன். எனக்கு அன்றைக்குக் கால் வலி.

"பருத்தி சாட்சி வைக்காது. வந்த இடத்துக்கே போயிடும். கப்பல் கப்பலா துணி ஏத்தறதுக்குத்தான் வெள்ளைக்காரன் இந்தப் பட்டணத்தையே கட்டினான். அந்தத் துணில ஒரு முழம் காட்ட முடியுமா இந்த மண்ணுல? நல்ல துணின்னா அப்படித்தான் இருக்கணும்." பெருமையாகச் சொன்னாள், ஏதோ அவள் வீட்டில் நெய்தது மாதிரி.

அவள் வேலை செய்கிற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லேபுக்கு வருகிற ஒவ்வொரு துணியையும் இழை உருவிக் கொளுத்திப் பார்ப்பாள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும். சுத்தப் பருத்தி என்று உறுதியானதும் அந்தத் துணியின் மூலையில் நீல நிற பாலியஸ்டர் நூலால் நாலு தையல் போடுவாள். புதைக்கிற துண்டுகளிலும் அதே நாலு தையல். துணி முழுசாக மக்கிப்போனாலும் அந்த நூல் மக்காமல் கிடந்து, துணி இங்கேதான் இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். மண்ணில் தேடுகிறவளுக்கு அதுதான் அடையாளம்.

புருஷன் அக்தர். ஏ.சி. மெக்கானிக். தங்கமான மனுஷன், பேச்சு குறைவு. ஒரே பெண், ஷபீனா, காலேஜில் இரண்டாம் வருஷம். அம்மாவுக்கு நேர் எதிர். அம்மா மண்ணைக் கிளறினால் இவள் மூக்கைப் பொத்துவாள். "ஆன்ட்டி, எங்கம்மாவை எங்கியாவது கண்காட்சியில வெச்சிடுங்க" என்று என்னிடம் புகார் செய்வாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சித்திரை வெயிலில்கூடத் துப்பட்டாவால் தலையை இழுத்து மூடிக்கொண்டுதான் தூங்குவாள். விலக்கினால் அரைத் தூக்கத்திலேயே "குளிருதும்மா" என்பாள். மெட்ராஸில் எவளுக்கடி குளிருகிறது என்று நான் கத்துவேன். அஜீசா மட்டும் எழுந்து போய் மூடிவிட்டு வருவாள்.

ஆவணியில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், நன்றாகத்தான் பார்த்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள். அந்தப் பாவி எமனுக்குக் கண் இல்லையா என்று நான் லேப் வாசலில் நின்று வாய்விட்டே அலறினேன்.

அன்று சாயங்காலத் தொழுகைக்கு முன் அடக்கம் செய்வதாக இருந்தது. நான் கல்லூரியிலிருந்து கிளம்பத் தயாராக இருந்தபோது அஜீசாவிடமிருந்து போன். குரலில் அழுகை இல்லை. லேபில் பேசுகிற அதே குரல்.

"கங்கா, ரெண்டாவது அலமாரியில புதுசா வந்த வெள்ளைத் துணி ஒரு தான் இருக்கில்ல, கஞ்சி போடாத முழுச் சுருள்? அதை எடுத்துட்டு வா."

"இன்னாத்துக்குடி இப்போ?"

"கஃபனுக்கு."

நடந்தது இது. கஃபன் என்பது அவர்கள் வழக்கத்தில் இறந்தவர்களுக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணி. பெண்ணுக்கு ஐந்து துண்டு. அதில் தையல் கூடாது, கத்தரியும் போட மாட்டார்கள், கையால்தான் கிழிப்பார்கள். அக்தர் கடையில் ஆயத்தமாக விற்கிற ஒரு செட்டை வாங்கி வந்திருக்கிறார். வீடு நிறைய ஜனம் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருக்க, இவள் அந்தத் துணியிலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். உருகியது. கறுப்பு மணி திரண்டது. புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துப் பெண்கள் அவள் கையைப் பிடித்திருக்கிறார்கள். "என் புள்ளைய பிளாஸ்டிக்ல சுத்தி அனுப்ப மாட்டேன். அவ மண்ணோட மண்ணாப் போகணும், இது விடாது" என்று ஒரே பிடிவாதம்.

சத்யநாராயணன் சாரிடம் போனில் சொன்னேன். "இதெல்லாம் கேப்பீங்களாம்மா? எடுத்துட்டு ஓடுங்க" என்றார். துணியை மார்போடு கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். வண்டலூர் தாண்டி ஒரே நெரிசல். டிரைவரை நான் திட்டிய திட்டுக்கு வேறொரு நாளாக இருந்தால் இறக்கிவிட்டிருப்பான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைப் புகுத்திப் புகுத்தி ஓட்டினான்.

பெண்கள் மட்டும் குளிப்பாட்டுகிற அறைக்கு வெளியே நான் நின்றேன். உள்ளேயிருந்து துணி கிழிகிற சத்தம் வந்தது. நீளமாக, ஒவ்வொன்றாக. எத்தனையோ துணி கிழிபடுவதை ஸ்டோரில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டேன். கிழித்தது அஜீசாதான், வேறு யாரையும் விடவில்லை. அப்புறம் ஆண்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஜமாஅத்தில் பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை. வாசல்வரை வந்தவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, தெரு முனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதும் அழவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்து வேலைக்கு வந்தாள். ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் உட்காராமல் கதவோரம் நிற்க ஆரம்பித்தாள். அங்கே ஒரு இடத்தில் மதில் சுவருக்கு மேலே மையவாடியின் வேப்ப மரம் ஒரு நொடி தெரியும். அதற்குத்தான். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

வந்த முதல் வாரமே அந்த இடி விழுந்தது. மிச்சமிருந்த வெள்ளைத் துணியை நான் திரும்ப அலமாரியில் வைத்திருந்தேன். அவள் எடுத்து மேசைமேல் விரித்தாள். ஒரு முனையைப் பார்த்தாள். மறு முனையைப் பார்த்தாள். பிறகு முழுவதையும் உதறி நாலு மூலையையும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"இன்னாடி தேடறே?" என்றேன்.

"நூலைக் காணோம், கங்கா."

"எந்த நூலு?"

"நீல நூல். இந்தத் துணி வந்த அன்னைக்கே டெஸ்ட் பண்ணி மூலையில நாலு தையல் போட்டேன். அந்த மூலையைக் காணோம்."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. அவளுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த முனையிலிருந்து முதலில் கிழித்தது தலைத்துணி. ஷபீனாவின் தலையைச் சுற்றி மூடிய துணி. அக்தர் வாங்கி வந்ததைக் கொளுத்திப் பார்த்தவள், ஊரே தடுத்தும் கேட்காமல் சுத்தப் பருத்தியை வரவழைத்தவள், தன் கையால் போட்ட நாலு தையலைப் பார்க்கவில்லை. துணியில் நாள் முழுக்க அந்த நீல நூலைப் பார்த்துப் பழகிய கண். அது இல்லாத துணிதான் அவளுக்கு உறுத்தும், இருந்தால் உறுத்தாது. இந்த உலகத்தில் வேறு எந்தத் தாயும் செய்ய முடியாத தப்பு.

"தையலே கூடாதுன்னு இருக்கு. அதுலயும் பாலியஸ்டர். என் புள்ள தலைமேல வெச்சு அனுப்பிட்டேனே" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"நாலே தையல்டி. சுண்டு விரல் நீளங்கூட இருக்காது."

"குப்பை மேட்டுலேருந்து எடுத்துட்டு வந்த அந்த ஜாக்கெட்டைப் பாத்தியே."

மேசைமேல் கிடந்த துணியை நான்தான் மடித்து அலமாரியில் வைத்தேன்.

மறுநாளே பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். அக்தர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். ஹஜ்ரத் வயசானவர், நிதானமாகக் கேட்டார். அஜீசா, கபுரைத் திறந்து அந்த நூலை மட்டும் எடுக்க அனுமதி வேண்டும் என்றாள். ஏதோ ஆராய்ச்சிக்கு மனுப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். யார் இறங்குவது, எந்தப் பக்கம் தோண்டுவது, எவ்வளவு சீக்கிரம் மூடுவது எல்லாம்.

"அடக்கம் பண்ணின மையித்தைத் தொந்தரவு பண்ணக் கூடாதும்மா. உங்க நிய்யத்து, மனசுல நினைச்ச நினைப்பு, சுத்தமா இருந்துச்சு. அது போதும் மேல இருக்கிறவனுக்கு" என்றார்.

"அது மக்காது ஹஜ்ரத்."

"எது மக்கும், எது மக்காதுன்னு படைச்சவனுக்குத் தெரியும்மா."

"எனக்கும் தெரியும் ஹஜ்ரத்" என்றாள் அஜீசா. "அதுதான் கஷ்டமா இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அக்தர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அஜீ, புள்ளையே போயிட்டா. நீ ஒரு நூலைப் புடிச்சுகிட்டுத் தொங்கறியே!" சொன்ன வேகத்தில் அவரே உடைந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் தொட்டி விஷயம் தெரிந்தது. ஷபீனா காய்ச்சலில் படுத்த அதே வாரம், அதே வெள்ளைத் துணியின் மறு முனையிலிருந்து துண்டுகள் கிழித்து, மூலைக்கு நாலு தையல் போட்டுத் தொட்டியில் புதைத்துவிட்டுப் போயிருந்தாள். நடு நடுவே எடுத்துப் பார்க்க வேண்டிய துண்டுகள் அவை. எடுக்கவில்லை. "வேற யாரையாவது விட்டு எடுத்துடலாமா அஜீசா?" என்று சத்யநாராயணன் சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "யாரும் அந்தத் தொட்டியைத் தொடக் கூடாது சார்" என்றாள். அவரிடம் அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. தினமும் தண்ணீர் மட்டும் தெளித்தாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மையவாடிக்குள் போக முடியாதவள் வேறு எங்கே போய் உட்காருவாள்?

ஐப்பசி மழை கொட்டியது. ரயில் நின்றது, ஓடியது. பள்ளிக்கரணைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மழை பெய்த ஒவ்வொரு நாளும் அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் இருந்தால் பருத்தி சீக்கிரம் போகும். அதை அவளே எனக்குச் சொல்லித் தொலைத்திருந்ததால் எனக்கும் மழையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தை பிறந்ததும் ஒரு நாள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். "இன்னைக்கு எடுத்துடறேன். நீ கூட வர்றியா?"

சாவியைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போனேன். அவள் தொட்டி ஓரம் மண்டியிட்டாள். கரண்டியைத் தொடவில்லை, கையாலேயே மண்ணை ஒதுக்கினாள். மேல் மண், அடி மண், கறுப்பாகப் பொலபொலவென்று வந்தது. ஒரு விரல் ஆழம், நாலு விரல் ஆழம். துணி இல்லை. ஒரு இழைகூட இல்லை. வெள்ளையாக எதுவும் இல்லை.

அப்புறம் முதல் துண்டைப் புதைத்த இடத்தில் விரலில் அது தட்டுப்பட்டது. நீல நூல். தைத்தது தைத்தபடியே, ஒன்றன்பின் ஒன்றாக நாலு தையல், வளைவு மாறாமல் மண்ணுக்குள் கிடந்தது. பிடித்துக்கொள்ளத்தான் துணி இல்லை. அவள் அதைக் குழாயடியில் அலசி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

எதையாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று, "நீ சொன்ன மாரியே ஆயிட்ச்சு பாரு. சுத்தமா மக்கிட்ச்சு. அங்கியும் இப்படித்தான் ஆயிருக்கும். நீ ஆசைப்பட்டதுதானடி இது?" என்றேன்.

"ஆமாம்" என்றாள். "அங்க ஆழம், கொஞ்சம் லேட்டாகும். ஆனா இந்த மழைக்கு ஆயிருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளங்கையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் முகம் திடீரென்று மாறியது.

"கங்கா, அப்ப என் புள்ள மேல இப்ப துணியே இல்லடி."

நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"தலைய மூடாமத் தூங்க மாட்டாளே. குளிருதும்மான்னு சொல்லுவாளே. எந்திரிச்சுப் போய் மூடிவிடக்கூட என்னால முடியாதே."

அன்றைக்குத்தான் அழுதாள். ஆவணியிலிருந்து தேக்கி வைத்த அழுகை. ஈர மண்ணில் நெற்றி படக் குனிந்து, கூரை அதிர அழுதாள். நானும் அழுதேன், வெட்கம் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு சத்யநாராயணன் சார் பின்கதவு வரை வந்தார். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தாள். மூடிய கையைத் திறந்து அந்த நாலு தையலைப் பார்த்தாள். எடுத்தே ஆக வேண்டும் என்று பள்ளிவாசல் வரை போன அதே நூல்.

"நல்லவேளை ஹஜ்ரத் எடுக்க விடலை" என்றாள். "இதாச்சும் அவ தலைமேல இருக்கட்டும்."

தொட்டியில் அது கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மண்ணைத் தள்ளி மூடி, மேலே உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற தட்டு அது. நான் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து தெளித்தேன்.